விருது வாங்கிய தொழில்நுட்பம் உங்கள் களத்துமேட்டுக்கு வந்ததா? விவசாயிகள் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள் 12-ஐ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் உள்ளன. பன்னிரண்டாவது நம் விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக்கோட்டை. ஊருக்கே பெருமை.

இதே செஞ்சியில் இன்னொரு இடம் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் டிராக்டரிலும் மினி லாரியிலும் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நீங்கள் போகும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். நம் பேச்சில் 'மார்க்கெட் கமிட்டி'. இதுபோன்ற விற்பனைக்கூடங்களை நாடு முழுக்க இணைக்கக் கொண்டுவரப்பட்ட 'இ-நாம்' என்னும் மின்னணு தேசிய வேளாண் சந்தைக்கும் ஒரு தேசிய விருது கிடைத்தது. 2022-ம் ஆண்டுக்கான 'டிஜிட்டல் இந்தியா' விருதுகளில், மக்களுக்கு டிஜிட்டல் வழியில் அதிகாரம் அளித்தல் என்ற பிரிவில் அதற்கு பிளாட்டினம் விருது. 2023 ஜனவரி 7 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இந்த விருதுகளை வழங்கினார்.

கோட்டைக்குக் கிடைத்த பெருமை நம் கண்ணுக்குத் தெரிகிறது. சந்தைக்குக் கிடைத்த விருது உங்கள் மூட்டைக்கு என்ன செய்தது என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். ஏனென்றால் இப்போது எதை எடுத்தாலும் 'விருது பெற்றது' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். செயலி, சென்சார், ட்ரோன், பயிர் ஊக்கி எல்லாவற்றிலும் அந்த வார்த்தை ஒட்டியிருக்கிறது. அதை நம்பி பணம் போடலாமா, வேண்டாமா? அந்த முடிவை எடுக்க உதவுவதே இந்தக் கட்டுரை.

விருது எதை அளக்கிறது?

தொழில்நுட்பத்தை சமூக நன்மைக்குப் பயன்படுத்துபவர்களைப் பாராட்ட உலகம் முழுக்கப் பல விருதுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் உள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகம் 2001-ல் இதற்கென்றே ஒரு விருதைத் தொடங்கியது. சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரம் 'ஸ்டாக்ஹோம் சேலஞ்ச்' என்ற பெயரில் ஒரு விருதை நடத்தியது. நம் மத்திய, மாநில அரசுகளும் ஆண்டுதோறும் கொடுக்கின்றன.

இவற்றில் பெரும்பாலான விருதுகளுக்கு நடைமுறை ஒன்றுதான். திட்டத்தை நடத்துபவர்கள் விண்ணப்பம் எழுதுவார்கள். எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை ஊரில் நடக்கிறது, என்ன புதுமை என்று அதில் இருக்கும். நடுவர் குழு அதைப் பார்த்து முடிவு செய்யும். இதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் பயன்படுத்தும் விவசாயியிடம் நேரில் வந்து, 'உனக்கு மூட்டைக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது?' என்று கேட்பது எப்போதும் அதில் இருக்காது. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நல்ல விருதுகளும் உண்டு. அதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. பக்கத்தில் உள்ள புதுச்சேரிக்குப் போனால் போதும்.

வில்லியனூரில் நடந்த வேலை

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியுடன் புதுச்சேரி கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அதைச் சுற்றி எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற கிராமங்களில் 'அறிவு மையங்கள்'. அப்போது கிராமத்தில் செல்போன் கிடையாது. தொலைபேசி இணைப்பே அபூர்வம். மின்சாரமும் அடிக்கடி போகும். அதனால் ஊருக்கு ஊர் தகவல் அனுப்ப வயர்லெஸ் கருவி வைத்தார்கள். மின்சாரம் போனால் சமாளிக்க சூரிய மின்தகடு வைத்தார்கள்.

கருவியைவிட முக்கியமானது அவர்கள் வேலை செய்த முறை. உங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று முதலில் மக்களிடம் கேட்டார்கள். நெல் விலை, உரம் விலை, கால்நடை மருத்துவர் எங்கே கிடைப்பார், பஸ் எத்தனை மணிக்கு, எந்த அரசுத் திட்டத்தில் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் உள்ளூரிலேயே திரட்டித் தமிழில் கொடுத்தார்கள். மையத்துக்கான இடத்தையும் மின்சாரத்தையும் ஊரே கொடுக்க வேண்டும். தலித் மக்கள் உட்பட எல்லோரும் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். இந்த நிபந்தனைகளை ஏற்ற ஊரில்தான் மையம் திறந்தார்கள். எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் இயங்கியது. மையங்களை நடத்திய தன்னார்வலர்களில் பெண்கள் நிறைய.

கடலோர வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரத் தகவலை எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கம்ப்யூட்டரைத் தொடாத, எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் அதைக் கேட்டுவிட்டு, இன்று கடலுக்குப் போகலாமா என்று முடிவெடுக்க முடிந்தது.

இந்தத் திட்டத்துக்கு 1999-ல் மோட்டோரோலா நிறுவனத்தின் தங்க விருதும், 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் கிடைத்தன.

அதற்கான உண்மையான சோதனை விருது வாங்கிய பிறகுதான் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி நாள். நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அங்கே செய்தியைப் பார்த்தவர் உடனே ஊருக்கு போன் செய்தார். தகவல் கிடைத்தவர்கள் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்க, ஊர் மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். ஊரே உயிர் தப்பியது.

கவனியுங்கள். அன்று உயிரைக் காத்தது விலை உயர்ந்த கருவி அல்ல. ஒரு தொலைபேசி அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும்தான். ஆனால் அந்த ஒலிபெருக்கி வேலை செய்யும் நிலையில் இருந்தது. அதை இயக்கத் தெரிந்த ஆள் ஊரிலேயே இருந்தார். அந்தக் குரலை நம்பும் பழக்கம் மக்களுக்கு இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் விருதுக்குத் தகுதியான தொழில்நுட்பம்.

இ-நாம்: விருது டெல்லியில், மூட்டை செஞ்சியில்

இதே அளவுகோலை நம் மார்க்கெட் கமிட்டிக்கு வைத்துப் பார்ப்போம். இ-நாம் 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைக்கூடங்கள் அதில் உள்ளன. விவசாயி பதிவு செய்யக் கட்டணம் இல்லை.

அதன் யோசனை எளிமையானது. செஞ்சியில் நீங்கள் இறக்கும் நெல்லுக்கு, இங்கே நேரில் வந்து நிற்கும் நாலைந்து வியாபாரிகள் மட்டும் விலை கேட்டால், அவர்கள் பேசி வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வெளியூர், வெளிமாநில வியாபாரியும் கம்ப்யூட்டரில் விலை போட முடிந்தால் போட்டி கூடும், விலை ஏறும். நுழைவாயிலில் பதிவு, குவியலுக்கு எண், தர ஆய்வு, மின்னணு ஏலம், எடை, வங்கிக் கணக்கில் பணம் என்று வரிசையாக நடக்க வேண்டும்.

கணக்குக்காகப் பாருங்கள். 75 கிலோ மூட்டை ஒன்றுக்கு 50 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், 60 மூட்டை கொண்டுவந்தவருக்கு 3,000 ரூபாய். அறுவடை இயந்திர வாடகையில் ஒரு பங்கு அதில் அடைந்துவிடும். ஆகவே போட்டி கூடுவது சின்ன விஷயம் இல்லை.

நடைமுறையில் ஒரு குறை இருக்கிறது. இ-நாமில் நடக்கும் விற்பனையின் பெரும்பகுதி இன்னமும் அந்தந்தக் கூடத்துக்குள்ளேயே, உள்ளூர் வியாபாரிகளிடமே நடக்கிறது. வெளிமாநில வியாபாரம் மிகக் குறைவு. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நெல்லைக் கையில் எடுத்து, ஊதி, கடித்துப் பார்க்காமல் தொலைவில் உள்ள வியாபாரி விலை போட வேண்டுமானால், தர ஆய்வுச் சீட்டை அவர் நம்ப வேண்டும். ஈரப்பதம், கருக்காய், கலப்பு எவ்வளவு என்பது சரியாகப் பதிவாக வேண்டும். சரக்கை ஏற்றிப் போக லாரி வாடகை கட்டுப்படியாக வேண்டும். இவை சரியாகாத இடத்தில், பழைய ஏலமே கம்ப்யூட்டர் திரையில் நடப்பதுபோல் ஆகிவிடும்.

அதனால் விருது பொய் என்று சொல்ல வரவில்லை. ஏல விலை பதிவாகிறது, பணம் வங்கிக்கு வருகிறது, கைப்பேசிக்குத் தகவல் வருகிறது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் முழுப் பலன் கிடைக்க நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கமிட்டிக்குப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்:

- ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், கைப்பேசி மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பதிவில் உங்கள் சொந்த எண்ணே இருக்க வேண்டும். தரகர் எண் வேண்டாம்.
- நெல்லை நன்றாகக் காயவைத்து, தூற்றிக் கொண்டு போங்கள். அரசு நேரடிக் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அந்த அளவை மனதில் வையுங்கள். ரகங்களைக் கலக்காதீர்கள்.
- உங்கள் குவியலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் எவ்வளவு பதிவானது, எத்தனை பேர் விலை போட்டார்கள் என்று கேளுங்கள்.
- அறிவித்த விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கிடங்கில் இடம் இருந்தால் இருப்பு வைத்து, பொருளீட்டுக் கடன் கிடைக்குமா என்று விற்பனைக்கூட மேற்பார்வையாளரிடம் விசாரியுங்கள்.

தராசு வைத்துக் கொடுக்கும் விருது

வேறு வகை விருது ஒன்றையும் பார்ப்போம். தமிழ்நாடு அரசு குடியரசு தினத்தன்று சி.நாராயணசாமி நாயுடு நெல் உற்பத்தித்திறன் விருதை வழங்குகிறது. திருந்திய நெல் சாகுபடி முறையில் அதிக மகசூல் எடுத்த விவசாயிக்கு ரூ.5 லட்சமும் பதக்கமும். இதற்கு விண்ணப்பத்தில் அழகாக எழுதினால் போதாது. அதிகாரிகள் வயலுக்கு வந்து, அவர்கள் முன்னிலையில் அறுத்து, எடைபோட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

திருந்திய நெல் சாகுபடி மடகாஸ்கர் தீவில் 1980-களில் ஹென்றி டி லாலனி என்ற பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கிய முறை. 14 நாள் இளநாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர், கோனோவீடர் உருட்டிக் களையெடுப்பு. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் செஞ்சிப் பகுதிக்கு, தண்ணீர் மிச்சமாவதே பெரிய லாபம்.

இந்த விருது வயலில் வந்து அளப்பது பாராட்டத்தக்கது. ஆனாலும் அது மகசூலை மட்டும்தான் அளக்கிறது. செலவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு மிச்சம், கையில் நின்ற லாபம் எவ்வளவு என்பதை அளப்பதில்லை. பரிசு வாங்கியவரின் வயலைப் பார்க்கப் போனால், மகசூலோடு சேர்த்துச் செலவுக் கணக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

மேடை ஏறாமலே நிலைத்த ரகம்

நம் பக்கத்தில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்லும் நிலக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகங்களுக்குத்தான் டி.எம்.வி. என்று பெயர். திண்டிவனத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் அது. அங்கிருந்து 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2 பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது. டி.எம்.வி. 7 ரகத்தை நம் அப்பா, தாத்தா காலத்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

இந்த ரகங்களை நிலைக்க வைத்தது கோப்பையோ சான்றிதழோ இல்லை. விவசாயி விதையை எடுத்துவைத்து அடுத்த ஆண்டும் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வாங்கிப் போனார். யாரும் சொல்லாமலே விவசாயி மூன்றாவது ஆண்டும் ஒன்றைப் பயன்படுத்தினால், அதைவிட நம்பகமான சான்று வேறில்லை.

'விருது பெற்றது' என்று சொன்னால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இதுவரை பார்த்ததிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். செயலியோ, கருவியோ, மருந்தோ, யார் கொண்டுவந்தாலும் கேளுங்கள்.

1. விருதைக் கொடுத்தது யார், எதற்கு? நிறுவனத்தின் வளர்ச்சிக்குக் கொடுத்த விருதைக் காட்டி, உங்களிடம் வேறொரு பொருளை விற்கக் கூடும். சான்றிதழில் உள்ள பெயரும் கையில் உள்ள பொருளின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

2. நம் மண்ணில் சோதித்தார்களா? டெல்டா வண்டலில் வேலை செய்தது செஞ்சி செம்மண்ணில் அப்படியே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

3. மூன்றாவது பருவமும் பயன்படுத்துபவர் யார்? முதல் பருவத்தில் மானியத்தில் கிடைத்ததால் எல்லோரும் வாங்குவார்கள். மானியம் நின்ற பிறகும் வைத்திருப்பவரை நேரில் போய்ப் பாருங்கள்.

4. பழுதானால் யார் சரிசெய்வார்? உதிரி பாகம் திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ கிடைக்குமா? மின்சாரமும் கைப்பேசி சிக்னலும் இல்லாத நேரத்தில் என்ன ஆகும்?

5. லாபம் யாருக்கு? ஐ.டி.சி. நிறுவனம் 2000-ல் மத்தியப் பிரதேசத்தில் சோயா விவசாயிகளிடம் தொடங்கிய 'இ-சௌபால்' திட்டத்துக்கும் 2006-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. அதில் விவசாயிக்கு விலை முன்கூட்டியே தெரிந்தது, சரியான எடை கிடைத்தது. நிறுவனத்துக்கும் நேரடியாகச் சரக்கு கிடைத்தது. இரண்டு பக்கமும் லாபம் இருந்தால் தவறில்லை. ஆனால் உங்கள் நிலம், பயிர், கைப்பேசி எண் எல்லாம் இலவசமாகக் கேட்கும் செயலிக்கு என்ன லாபம் என்று யோசித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஐந்தில் மூன்றுக்காவது தெளிவான பதில் வராவிட்டால் ஒரு பருவம் பொறுத்திருங்கள். நல்ல பொருள் அதற்குள் ஓடிப்போகாது. ஆசை விடாவிட்டால் பத்து சென்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கிசான் அழைப்பு மையத்தின் 1800 180 1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் மானியம், சந்தை விலை விவரங்களைச் சரிபார்க்கலாம்.

உங்கள் கண்டுபிடிப்புக்கும் விருது உண்டு

கடைசியாக ஒன்று. விருது வாங்குபவர்கள் விஞ்ஞானிகளும் நிறுவனங்களும்தான் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் ஆதரவுடன் 2000-ல் தொடங்கப்பட்ட தேசிய புத்தாக்க நிறுவனம், பெரிய படிப்போ நிறுவன உதவியோ இல்லாமல் சாதாரண மக்கள் கண்டுபிடித்தவற்றைத் தேடிப் பதிவு செய்து விருது கொடுக்கிறது. கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் குறைந்த செலவில் நாப்கின் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அந்த நிறுவனத்தின் விருது அவருக்குக் கிடைத்தது. இயந்திரத்தைப் பெரிய நிறுவனங்களுக்கு விற்காமல் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொண்டுசேர்த்தார். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். மதுரையில் உள்ள சேவா அமைப்பு, விவசாயிகளின் இத்தகைய கண்டுபிடிப்புகளை 'நம் வழி வேளாண்மை' என்ற தமிழ் இதழில் பதிவு செய்து வந்திருக்கிறது.

நம் ஊரிலும் பழைய சைக்கிளை மாற்றி களையெடுக்கும் கருவி செய்தவர் இருப்பார். மல்லாட்டை பறிக்க, உடைக்கத் தனியாக ஒரு வழி கண்டவர் இருப்பார். அவர் பெயரையும் செய்முறையையும் தேதியோடு எழுதி, படம் எடுத்து வையுங்கள். வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். எழுதி வைக்காத யோசனை நாளை வேறு ஒருவர் பெயரில் கடைக்கு வரலாம்.

செஞ்சிக்கோட்டையை இன்னொரு முறை பார்க்கப் போனால், களஞ்சியத்தையும் குளங்களையும் கவனித்துப் பாருங்கள். தானியத்தைச் சேர்த்து வைக்கவும் மழைநீரைத் தேக்கவும் அன்று தெரிந்த தொழில்நுட்பத்தை ஊர் முழுவதன் நன்மைக்குப் பயன்படுத்தினார்கள். கல்யாண மகாலுக்கு மண்குழாயில் தண்ணீர் வந்ததாகச் சொல்கிறார்கள். இன்று அந்தக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. ஆள் வைத்துப் பராமரிக்காவிட்டால் எவ்வளவு நல்ல தொழில்நுட்பமும் பார்வைப் பொருளாகத்தான் ஆகும்.

நம் சந்தையும் செயலியும் கருவியும் அப்படி ஆகாமல் இருக்க வேண்டுமானால், பயன்படுத்தும் நாம் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த முறை மார்க்கெட் கமிட்டிக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: 'என் குவியலுக்கு இன்று எத்தனை பேர் விலை போட்டார்கள்?'